சின்ன ஆபீஸ் ரவுட்டர் செட்டிங்: பாரிமுனை முதல் திருவொற்றியூர் வரை என்னிடம் கேட்கும் கேள்விகள்

தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்கள், மண்ணடி இரும்புக் கடைகள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளின் மாடி அறைகள், காசிமேட்டில் மீன் ஏற்றுமதி செய்பவர்கள். வடசென்னையில் நான் ரவுட்டர் மாட்டிக்கொடுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நாலு கேமரா, பத்து போன். ஆபீஸ் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்ன விஷயம் திரும்ப வந்தால் எண்ணை மட்டும் சொல்வேன், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு ரவுட்டர் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறும். உள்ளே இருக்கும் சமாசாரம் ஒன்றுதான்.

1. "மோடம்னு சொல்றாங்க, ரவுட்டர்னு சொல்றாங்க, ரெண்டும் ஒண்ணுதானே?"

வேலை இரண்டு, பெட்டி சில சமயம் ஒன்று. கம்பத்திலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் ஒயருக்குள் ஓடுவது வெளிச்சம். அதை மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். பழைய பழக்கத்தில் எல்லோரும் மோடம் என்கிறோம். வந்த ஒரே இணைப்பைப் பத்து பேருக்குப் பிரித்துக் கொடுத்து, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்வது ரவுட்டர்.

நெட் கம்பெனி தரும் பெட்டியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ரிச்சி தெருவில் தனியாக ரவுட்டர் வாங்கி வந்தீர்கள் என்றால் பின்பக்கம் பாருங்கள். ஒரு துளை மட்டும் வேறு நிறத்திலோ கொஞ்சம் தள்ளியோ இருக்கும், 'வேன்' என்று போட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் கேபிளுக்கு அது. மற்ற துளைகள் 'லேன்', ஆபீஸுக்குள் போகும் கேபிளுக்கு. இரண்டாவது ரவுட்டர் மாட்டும்போது எதில் செருகுவது என்பதை 11-ல் பார்ப்போம்.

2. "192.168-னு ஏதோ நம்பர் அடிக்கச் சொல்றாங்க. அது என்ன வெப்சைட்டா?"

இல்லை, அது உங்கள் ரவுட்டரின் சொந்த முகவரி. உங்கள் ஆபீஸ் சுவருக்குள் மட்டும் செல்லும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை இருப்பவை, இந்த மூன்று கூட்டமும் தனியார் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. பக்கத்துக் கடையிலும் இதே நம்பர் இருக்கும், ஒன்றுக்கொன்று இடிக்காது. எல்லாத் தெருவிலும் 12-ம் நம்பர் வீடு இருப்பது போலத்தான்.

எந்த நம்பர் என்று தெரியவில்லையா? ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க வேண்டாம். போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் 'கேட்வே' என்று இருக்கும். விண்டோஸில் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தால் 'டீஃபால்ட் கேட்வே' என்று வரும். அந்த எண்தான். பிரவுசரில் மேலே முகவரி அடிக்கும் இடத்தில் போடுங்கள், கூகுள் தேடும் பெட்டியில் போடாதீர்கள். தேடினால் சம்பந்தமில்லாத விளம்பரப் பக்கங்கள்தான் வரும். சரியான இடத்தில் போட்டும் "இது பாதுகாப்பான தளம் அல்ல" என்று பிரவுசர் மிரட்டலாம். உங்கள் ஆபீஸ் பெட்டியோடுதான் பேசுகிறீர்கள், தைரியமாக உள்ளே போகலாம்.

3. "பாஸ்வேர்டு போட்டா தப்புங்குது. வைஃபைக்கு அதே பாஸ்வேர்டுதான் போடுறேன்!"

அங்கேதான் சிக்கல். மூன்று பாஸ்வேர்டு உண்டு. போனில் வைஃபை சேர்க்க ஒன்று. ரவுட்டருக்குள் போய் செட்டிங் மாற்ற இன்னொன்று, அதைத்தான் அட்மின் பாஸ்வேர்டு என்போம். நெட் கம்பெனிக்கு ரவுட்டர் தன்னை யார் என்று நிரூபிக்க மூன்றாவது, இது எல்லோருக்கும் இருக்காது (5-ஐப் பாருங்கள்). புதுப் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முதல் இரண்டும் இருக்கும்.

அட்மின் பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான ரவுட்டர்களையும் கேமரா பெட்டிகளையும் பிடித்தது. அது பெரிய மந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் சுமார் அறுபது பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். மாற்றியதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நோட்டில் எழுதக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். பீரோவுக்குள் இருக்கும் நோட்டை எந்த வைரஸும் படிக்காது என்பது என் கட்சி.

4. "எது மக்கர் பண்ணாலும் ரீசெட் அடிச்சிட்டா சரியாயிடும்ல?"

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்து அரை நிமிஷம் கழித்துப் போடுவது ரீஸ்டார்ட். தாராளமாகச் செய்யுங்கள், பாதிப் பிரச்சினை அதில் தீரும். பின்னால் இருக்கும் ஊசித் துளையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்துவது ரீசெட். அது ரவுட்டரின் நினைவை மொத்தமாகக் கழுவிவிடும். நெட் கம்பெனி யூசர்நேம், வைஃபை பெயர், பிரிண்டருக்கு ஒதுக்கிய முகவரி, எதுவும் மிஞ்சாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தம்புச் செட்டித் தெருவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நெட் மெதுவாக இருக்கிறது என்று ஆபீஸ் பையன் குண்டூசியால் குத்திவிட்டான். யூசர்நேம் யாரிடமும் இல்லை, லைன் போட்டுக் கொடுத்த ஆள் போன் எடுக்கவில்லை. கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, சுங்கத்துக்கு பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். ஞாயிறு முழுக்க ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லைன் ஏன் மெதுவாக இருந்தது தெரியுமா? ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ரீசெட்டுக்கு முன்னால் உள்ளே போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'பேக்கப்' என்ற வசதி இருந்தால் அந்த ஃபைலையும் இறக்கி வையுங்கள். ஆனால் அந்த ஃபைல் பெரும்பாலும் அதே மாடல் ரவுட்டருக்குத்தான் பொருந்தும். பெட்டியே எரிந்துபோய் வேறு கம்பெனிப் பெட்டி வாங்கினால் கைகொடுப்பது போட்டோதான்.

5. "எனக்கு யூசர்நேம் கேக்குது. பக்கத்து ஆபீஸ்ல அப்படி எதுவும் கேக்கலையே?"

நெட் கம்பெனி உங்களை அடையாளம் காணும் விதம் மூன்று. எதுவுமே கேட்காமல் முகவரி கொடுப்பது முதல் விதம், மெனுவில் 'டைனமிக்' என்றிருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்பது இரண்டாவது, 'பிபிபிஓஇ'. நிலையான முகவரிக்குத் தனியாகக் காசு கட்டியிருந்தால் மூன்றாவது, 'ஸ்டாட்டிக்'. இதில் ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் எல்லாவற்றையும் கையால் நிரப்ப வேண்டும். உங்களுக்கு எது என்று நீங்கள் யூகிக்க முடியாது, கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். ஃபைபர் லைனில் சில கம்பெனிகள் 'வீலேன்' என்று கூடவே ஒரு நம்பரும் தருவார்கள். அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் லைன் எடுக்காது.

எல்லாம் சரியாகப் போட்டும் புது ரவுட்டரில் வரவில்லை, பழையதைத் திரும்ப மாட்டினால் வருகிறது என்றால் கம்பெனி உங்கள் பழைய பெட்டியின் மேக் முகவரியைப் பதிந்து வைத்திருக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் கொடுக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாளம்தான் மேக். கம்பெனிக்குப் போன் செய்து புது மேக்கைப் பதியச் சொல்லுங்கள். அல்லது ரவுட்டரில் 'மேக் குளோன்' என்ற இடத்தில் பழைய எண்ணைப் போடுங்கள்.

6. "டிஎச்சிபி-யை ஆன்ல வைக்கணுமா, ஆஃப்ல வைக்கணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க"

ஆபீஸில் ஒரே ஒரு பெட்டியில் ஆன், மற்ற எல்லாவற்றிலும் ஆஃப். இதை மறக்கவே கூடாது. டிஎச்சிபி என்பது ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவர் மாதிரி. புதிதாக ஒரு போனோ கம்ப்யூட்டரோ உள்ளே வந்தால் "உன் நம்பர் இது, வாசல் இந்தப் பக்கம்" என்று சொல்லி அனுப்புவது அதன் வேலை. டோக்கன் கொடுப்பவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நம்பர் கொடுக்கலாம் என்பதையும் நாமே வைக்கலாம். நான் வழக்கமாக 192.168.1.100-லிருந்து 199 வரை டோக்கனுக்கு விடுவேன். 2-லிருந்து 99 வரை பிரிண்டர், கேமரா, சர்வர் போன்ற நிலையான ஆசாமிகளுக்கு. மண்ணடியில் ஒரு இரும்புக் கடை பாய், "மதியத்துக்கு மேல புது போன்ல நெட் ஏறவே மாட்டேங்குது" என்றார். போய்ப் பார்த்தால் யாரோ இருபது நம்பர் மட்டும் விட்டிருந்தார்கள். லோடு ஏற்ற வருகிறவர்களின் போனெல்லாம் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஒரு முறை கொடுத்த நம்பர் குறிப்பிட்ட நேரம் வரை அந்த போனின் பேரிலேயே இருக்கும், இதற்கு 'லீஸ்' என்று பெயர். ஆள் வந்து போகிற இடத்தில் லீஸைச் சில மணி நேரமாகக் குறைத்து, நம்பரைக் கூட்டிவிட்டால் போதும்.

கம்ப்யூட்டரில் முகவரி 169.254 என்று தொடங்கினால் டோக்கன் கிடைக்காமல் அது தானே ஒரு நம்பர் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். கேபிளைப் பாருங்கள், அப்புறம் ரவுட்டரைப் பாருங்கள். நெட் கம்பெனிக்குப் போன் போட வேண்டாம், அவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

7. "காலையில பிரிண்ட் போச்சு, மத்தியானம் போகல. பிரிண்டர் ரிப்பேரா?"

இல்லை, வீடு மாறிவிட்டது. கம்ப்யூட்டர் பிரிண்டரை 192.168.1.104 என்று ஞாபகம் வைத்திருக்கிறது. நடுவில் கரண்ட் போய் வந்ததில் பிரிண்டருக்கு 107 கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய வாசலைத் தட்டிக்கொண்டே நிற்கிறது.

ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பக்கத்தில் பிரிண்டரின் மேக் முகவரியையும் (5) அதற்கு வேண்டிய நம்பரையும் போட்டுவிடுங்கள், இனி மாறாது. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கும் கேமரா பெட்டிக்கும் இதையே செய்யுங்கள். பிரிண்டருக்குள்ளேயே போய் நம்பரைக் கையால் போடுகிறவர்களும் உண்டு. தப்பில்லை, ஆனால் டோக்கன் வரிசைக்குள் இருக்கும் நம்பரைப் போட்டால் ஒரு நாள் ரவுட்டர் அதே நம்பரை ஒரு போனுக்குக் கொடுக்கும், இரண்டும் தகராறு செய்யும். எல்லாவற்றையும் ரவுட்டரில் ஒரே பக்கத்தில் வைப்பது எனக்குப் பிடிக்கும். அடுத்து வருகிற ஆளுக்கும் புரியும்.

8. "டிஎன்எஸ்ல 8.8.8.8 போட்டா ஸ்பீடு ஏறுமாமே?"

ஏறாது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைச் சொல்லும் டைரக்டரி. 8.8.8.8 கூகுளுடையது, 1.1.1.1 கிளவுட்ஃப்ளேர் 2018-ல் தொடங்கியது. உங்கள் கம்பெனியின் டைரக்டரி மந்தமாக இருந்தால் பக்கம் திறக்கத் தொடங்கும் அந்த முதல் கணம் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். டவுன்லோட் வேகம் அப்படியேதான் இருக்கும். வாட்ஸ்அப் வருகிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை என்கிற மாதிரி நாட்களில் மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை.

9. "100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், டவுன்லோட்ல 12-தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?"

முதலில் எழுத்துக் குழப்பம். தமிழில் எழுதினால் இதுவும் டாக்டர் படிப்பும் ஒரே மாதிரி இருக்கிறது, அது வேறு கதை. கம்பெனி சொல்வது ஒரு விநாடிக்கு 100 மெகாபிட். டவுன்லோட் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. யாரும் ஏமாற்றவில்லை.

300 பிளான் போட்டு ஸ்பீடு டெஸ்டில் 94, 95-க்கு மேல் ஏறவே இல்லை என்றால் அங்கே வேறு விஷயம் இருக்கிறது. கேபிளில் நாலு ஜோடிக் கம்பி உண்டு. ஆயிரம் மெகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும், நூறுக்கு இரண்டே ஜோடி போதும். எங்கோ ஒரு கம்பி சரியாகப் பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் கேபிள் முனையில் இருக்கும் உலோகப் பற்கள் பச்சை பூத்துவிடுகின்றன. முனையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் பண்ணினால் சரி. நூறு மட்டுமே தாங்கும் பழைய ஸ்விட்ச்சோ (ஒரு கேபிளைப் பல துளைகளாகப் பிரித்துத் தரும் பெட்டி) ரவுட்டரோ நடுவில் இருந்தாலும் இதே எண்தான் வரும்.

10. "முன் ரூம்ல வைஃபை பிச்சு எடுக்குது, உள் ரூம்ல புள்ளி கூட இல்ல"

ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்களைக் கட்டியவர்கள் வைஃபையை நினைத்துக் கட்டவில்லை. இரண்டடி கனத்தில் செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர். அதோடு இரும்பு பீரோ, கிரில், ஷட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இந்த மாதிரிச் சுவர் ஒன்றைத் தாண்டுவதே பெரும்பாடு. 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் மாடிக்கு மாடி இருக்கும் இருபது வைஃபையும் அதே பாதையில் கூச்சல் போடும். 2.4-ல் ஒன்றையொன்று இடிக்காத சேனல் 1, 6, 11 மூன்றுதான். போனில் வைஃபை அலசும் ஆப் ஒன்றைப் போட்டு, மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கக் கூச்சலும் சேர்ந்து விழும்.

ரவுட்டரைச் சாமி படத்துக்குப் பின்னாலும் பீரோ மேல் மூலையிலும் ஒளித்து வைக்காதீர்கள். சுவர் கனமென்றால் என் யோசனை ஒன்றுதான்: உள் அறைக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி. பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் வாங்கிப் பணத்தை விடாதீர்கள். அது பலவீனமாக வரும் சிக்னலைப் பிடித்து, அந்தப் பலவீனத்தையே திருப்பி ஒலிபரப்பும்.

11. "பழைய ரவுட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே உள் ரூம்ல மாட்டிட்டா?"

மாட்டலாம், மூன்று வேலை செய்த பிறகு. முதலில் அந்தப் பழைய பெட்டியைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து உள்ளே போங்கள் (2). அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் ஆகிவிடும். அடுத்து அதில் டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியாக, பெரிய ரவுட்டரின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளைப் பழையதின் லேன் துளையில் செருகுங்கள். வேனில் வேண்டாம். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும். சில மாடல்களில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற ஒரே பட்டன் இதையெல்லாம் தானே செய்துவிடும், கேபிள் எதில் என்பதை அந்த மாடல் சொல்கிறபடி வையுங்கள்.

டிஎச்சிபியை அணைக்க மறந்தால் 6-ல் சொன்ன இரண்டு டோக்கன்காரர் கதை. இது உடனே வெடிக்காது, அதுதான் கொடுமை. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்காரர் மகன் வீட்டுப் பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, டிஎச்சிபியை அணைக்காமல் அப்படியே லேன் துளையில் செருகிவிட்டான். அன்றைக்கு எல்லாம் ஓடியது. மறுநாள் காலை கம்ப்யூட்டர்களைப் போட்டபோது, முதலில் பதில் சொன்ன பெட்டியிடம் டோக்கன் வாங்கியவை பாதி. அந்தப் பாதிக்கு நெட் இல்லை, மீதிக்கு உண்டு. அதற்கடுத்த நாள் வேறு பாதி! நெட் கம்பெனி ஆள் இரண்டு தடவை வந்து லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான்.

நெட் வராத கம்ப்யூட்டரில் கேட்வே எண்ணைப் பார்த்து, வருகிற கம்ப்யூட்டரோடு ஒப்பிடுங்கள். எண் வேறாக இருந்தால் ஆபீஸில் எங்கேயோ இரண்டாவது டோக்கன்காரர் உட்கார்ந்திருக்கிறார். எண் ஒன்றே என்றால் இரண்டு பெட்டிக்கும் அதே முகவரி இருக்கலாம், ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிப் பாருங்கள்.

12. "வர்றவங்க எல்லாம் வைஃபை கேக்குறாங்க, இல்லைன்னு சொல்ல சங்கடமா இருக்கு"

சொல்ல வேண்டாம், 'கெஸ்ட் நெட்வொர்க்' போடுங்கள். வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. இதில் வருகிறவர் நெட்டுக்குப் போகலாம், உங்கள் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் பார்க்க முடியாது. 'உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி' என்று ஒரு டிக் இருந்தால் அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 11-ல் சொன்னபடி மாட்டிய பழைய பெட்டியில் கெஸ்ட் போட்டால் இந்தப் பிரிப்பு சரியாக நடக்காது, பெரிய ரவுட்டரில் மட்டும் வையுங்கள்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3. பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைப் பதினோராயிரம் முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே காட்டிவிட்டார்கள்.

13. "வீட்ல இருந்து கேமரா பாக்கணும். போர்ட்டைத் திறந்து விடுங்கன்னு கேமராக்காரர் சொல்றார்"

வெளியிலிருந்து ஒருவர் உங்கள் ரவுட்டரின் கதவைத் தட்டினால் உள்ளே யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அதனால் திருப்பி அனுப்பிவிடும். "இந்த எண்ணில் தட்டினால் கேமரா பெட்டிக்கு அனுப்பு" என்று சொல்லி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கேமரா பெட்டியின் நம்பர் மாறாமல் இருக்க வேண்டும் (7). திறந்த கதவு உங்களுக்கு மட்டும் திறந்திருக்காது. 3-ல் சொன்ன மிராய் மாதிரி ஆசாமிகள் இரவு பகலாக ஒவ்வொரு முகவரியாகத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேமரா கம்பெனியின் ஆப் வழியாகவே பார்க்க முடிந்தால் அதோடு விடுங்கள், போர்ட் வேண்டாம். அதற்கும் ஒரு நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். கணக்குப் பார்க்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் வர வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ம் போர்ட்டைத் திறந்துவிடுகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுப்பேன். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல்களுக்குப் பிடித்த வாசல் அது. வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸுக்குள் வரப் பூட்டிய தனிப் பாதை) போட்டுக்கொண்டு அதன் வழியாக வாருங்கள்.

சரி, எல்லாம் தெரிந்தே திறந்தும் வேலை செய்யவில்லையா? ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் முகவரியைப் பாருங்கள். அது 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் கம்பெனி ஒரே பொது முகவரியை உங்களைப் போன்ற பலருக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. பழைய வகை ஐபி முகவரி உலகத்துக்கே சுமார் 430 கோடிதான், மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் இந்தப் பங்கு. இதில் நீங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளிக் கதவு உங்கள் கையில் இல்லை. வெளியிலிருந்து விபிஎன் வழியாக வரவும் இதே தடைதான். நிலையான முகவரிக்குக் காசு கட்ட வேண்டும், இல்லை ஆப்தான்.

14. "புது ரவுட்டரைக் கம்பெனி பெட்டியில மாட்டினேன். லைட் எல்லாம் எரியுது, நெட் இல்ல"

இரண்டும் 192.168.1.1 என்று இருக்கிறதா பாருங்கள். புது ரவுட்டருக்கு உள்ளேயும் 192.168.1, வெளியேயும் 192.168.1. எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குப் புரியாது. புதியதின் லேன் முகவரியை 192.168.10.1 என்று மாற்றினால் நெட் வந்துவிடும். சில ரவுட்டர்கள் இதைத் தானே கவனித்து மாற்றிக்கொள்கின்றன.

ஆனால் அப்போதும் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர் நிற்கின்றன. சாதாரண வேலைக்குத் தெரியாது, 13-ல் சொன்ன கதவு திறக்கும் வேலைகள் எல்லாம் இரண்டு இடத்தில் செய்ய வேண்டி வரும். சுத்தமான வழி, கம்பெனிப் பெட்டியை 'பிரிட்ஜ் மோட்'-க்கு மாற்றித் தரச் சொல்வது. அப்போது அது வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் வேலையோடு நிறுத்திக்கொள்ளும், 5-ல் சொன்ன யூசர்நேமை உங்கள் ரவுட்டரில் போட வேண்டும். அதன் வைஃபையும் நின்றுவிடும், இதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

15. "எல்லா சைட்டும் வருது, ஒரு கவர்ன்மென்ட் சைட் மட்டும் பாதியில நிக்குது"

முதலில் போன் ஹாட்ஸ்பாட்டில் அதே தளத்தைத் திறங்கள். அங்கேயும் நின்றால் தளமே திணறுகிறது. மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி கடைசி நாளில் இதற்காக ரவுட்டரைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அடுத்து கம்ப்யூட்டரின் தேதி, நேரம். பழைய கம்ப்யூட்டரில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போயிருந்தால் பாதுகாப்பான தளங்கள் உள்ளே விடாது.

ஹாட்ஸ்பாட்டில் வருகிறது, ஆபீஸ் லைனில் மட்டும் நிற்கிறது, லைனும் பிபிபிஓஇ என்றால் எம்டியு எண்ணைப் பாருங்கள். ஒரு தடவைக்கு எவ்வளவு பெரிய பொட்டலம் அனுப்பலாம் என்பது அது. சாதாரணமாக 1500 பைட். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 இருக்க வேண்டும். அதிகமாக வைத்திருந்தால் சின்னப் பொட்டலம் எல்லாம் போகும், பெரியது வழியில் காணாமல் போகும். பல தளங்கள் சமாளித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு சமாளிக்காது. லாகின் பக்கம் வரும், உள்ளே போனால் வெள்ளைத் திரை.

16. "ரெண்டு கம்பெனி லைன் வாங்கியிருக்கேன். ஒண்ணு போனா இன்னொண்ணு தானா எடுக்கணும்"

இரண்டு வேன் துளை உள்ள ரவுட்டர் வேண்டும், அதில் 'ஃபெயில்ஓவர்' என்று வையுங்கள். இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் ஓட்டும் 'லோடு பேலன்ஸ்' வேண்டாம். ஒரே ஆள் இரண்டு முகவரியிலிருந்து வருவதைப் பார்த்து பேங்க் தளம் வெளியே தள்ளிவிடும்.

வெறுமனே ஃபெயில்ஓவர் போட்டால் போதாது. தண்டையார்பேட்டையில் ஒரு கண்டெய்னர் லாரி ஃபைபரை இழுத்துக்கொண்டு போனால் உங்கள் மாடியில் இருக்கும் ஓஎன்டி உயிரோடுதான் இருக்கும். ரவுட்டர் அதைப் பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். வெளியே ஒரு முகவரியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யும்படி வைக்க வேண்டும். 8-ல் நான் தட்டிக்கழித்த 8.8.8.8 இதற்கு உதவும். இரண்டு லைனும் ஒரே கம்பத்தில் வருகிறதா என்றும் தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்த லாரி இரண்டையும் சேர்த்தே இழுக்கும்.

கரண்ட் போனால் ரவுட்டருக்கு யுபிஎஸ் வைத்து ஓஎன்டியை மறந்துவிடுகிறார்கள், இரண்டுக்கும் வேண்டும். தரைத்தளக் கடை என்றால் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழைக்கு அப்புறம் மேஜைக்கடியில் இருந்த பெட்டிகளை வாளியில் போட்டு எடுத்து வந்தேன்.

17. "ஒண்ணுமே பண்ணல சார். திடீர்னு மொத்த ஆபீஸும் நின்னுபோச்சு, ஸ்விட்ச்ல லைட்டெல்லாம் வெறி புடிச்ச மாதிரி மின்னுது"

எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால் ஒரு கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்சில், அல்லது ஒன்றோடொன்று இணைந்த இரண்டு ஸ்விட்ச்சில் செருகியிருக்கிறது. அனுப்பிய பொட்டலம் சுற்றி வந்து மறுபடி அதே இடத்துக்கு வரும், மறுபடி போகும், சில விநாடியில் வேறு எதற்கும் இடமிருக்காது. விலை அதிகமான ஸ்விட்ச் இதைக் கண்டுபிடித்து அந்தத் துளையை மூடிவிடும், நம்மிடம் இருக்கும் எட்டுத் துளை ஸ்விட்ச்சுகளுக்கு அந்த அறிவு கிடையாது. ரவுட்டரைத் தொடாதீர்கள், அதன் மேல் தப்பில்லை. ஸ்விட்ச்சிலிருந்து கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதை எடுத்ததும் விளக்கு அமைதியாகிறதோ அதுதான்.

லிங்கிச் செட்டித் தெருவில் இப்படிக் கூப்பிட்டவரிடம் யார் என்ன செய்தது என்று கேட்டேன். யாரும் எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். கடைசியில் பெருக்க வருகிற அம்மா சொன்னார், தரையில் ஒரு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது, காலில் மாட்டுகிறதே என்று காலியாக இருந்த ஓட்டையில் செருகினேன் என்று. கேபிளை எடுத்ததும் ஓய்ந்தது. காலித் துளைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு, அந்த அம்மா வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.